இடது ஓரத்தில் ஒரு மூச்சு

குன்னூரில், மொறுமொறு வர்க்கி போடும் பேக்கரி ஒன்றின் மாடியில் எங்கள் ஆட்டக்கூடம் இருக்கிறது. கோ என்ற கல் ஆட்டத்தை அங்கே சொல்லித் தருபவர் செண்பகவல்லி. வயது முப்பத்தாறு. ஒசாகாவில் ஒரு மெஷின் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு வந்தார். கற்றுக்கொள்ள வருகிற நாங்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆனாலும் அவர் எங்களுக்கு டீச்சர். நாங்கள் அவருக்கு சார்.

டீச்சர் அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் ஜன்னலைத் திறப்பார், இல்லாவிட்டால் டீ போடுவார். முதல் வருஷம் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது பழகிவிட்டது.

கூடத்துக்கு ஏற வெளிப்பக்கமாகப் பதினேழு கல்படி. ஏறும்போது இடது கைப்பக்கம் சுவர், வலது பக்கம் ஒன்றுமில்லை. கம்பி போட வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பேசுகிறோம்.

உள்ளே சுவரில் இரண்டு வரிசை ஆணி. எங்கள் பெயர்களை மரச்சில்லில் எழுதி டீச்சர் மாட்டியிருக்கிறார். கீழ்வரிசை ஆள் மேல்வரிசை ஆளைத் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால், அவர் சில்லு மேலே போகும். என் சில்லு கீழ்வரிசையில் கடைசி. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

கீழ்வரிசையில் முதல் சில்லு தணிகாசலத்துடையது. அரவங்காட்டுக்காரர், சர்வேயராக இருந்தவர். எதையும் எண்ணாமல் விட மாட்டார். டீயில் எத்தனை தடவை கரண்டி சுற்றியது என்று கேட்டால்கூடச் சொல்வார். ஆறு வருஷமாக அந்த ஆணியிலேயே தொங்குகிறார். நான்கு முறை இரண்டு ஆட்டம் ஜெயித்து, நான்கு முறையும் மூன்றாவதில் தோற்றிருக்கிறார். மூன்றாவது ஆட்டம் என்றால் அவருக்குக் கண்டம் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரிப்பார். சிரிப்பு கண் வரைக்கும் போகாது.

இந்த முறை எதிராளி சவரிராயன். கேத்தியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர், மேல்வரிசை ஆள். தணிகாசலம் அவரை இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டார். மூன்றாவது ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கியது.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் எங்கள் கூடத்தில் ஆட்டம் நிற்க வேண்டும். முடியாத ஆட்டத்தின் மேல் துணி போர்த்திவிடுவோம். அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து ஆடலாம். அதுவரை கல்லையும் தொடக்கூடாது, நாற்காலியையும் நகர்த்தக்கூடாது.

அன்று மணி அடித்தபோது பலகை நடுவில் ஒரு மூச்சுச் சண்டை முற்றியிருந்தது.

அதை இப்படிச் சொல்லலாம். இந்த ஆட்டத்தில் நம் கல்லால் வளைத்துப் பிடித்த காலி இடங்களுக்குத்தான் புள்ளி. ஒரு கூட்டம் கற்களை ஒட்டியிருக்கும் காலி இடங்கள்தான் அதற்கு மூச்சு. எதிராளி எல்லா மூச்சையும் அடைத்துவிட்டால் கூட்டம் செத்தது, பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். நடுவில் தணிகாசலத்தின் கருப்புக் கல் ஒன்பது, சவரிராயனின் வெள்ளைக் கல் பதினொன்று, ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றன. இருவருக்கும் நடுவே பொதுவான மூச்சு இரண்டு. அதுபோக வெள்ளைக்கு வெளியே ஒரு மூச்சு. கருப்புக்கும் வெளியே ஒன்று, சவரிராயன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இடது ஓரத்தில்.

புதன்கிழமை தணிகாசலம் டீச்சரைத் தேடிப் போனார். அன்று நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல்.

கையில் ஒரு நோட்டு. முப்பத்தொரு பக்கம் கட்டம் போட்டு, கல் வரைந்து, எண் எழுதியிருந்தார்.

"டீச்சர், எல்லா வழியும் பார்த்துட்டேன். நான் பொது மூச்சுல முதல்ல கை வச்சா, நான் சாகிறேன். அவர் முதல்ல வச்சா, அவர் சாகிறார். ரெண்டு பேரும் தொடாம விட்டா அப்படியே நிக்குது. நின்னா நான் ரெண்டு புள்ளியில தோத்துடுவேன்."

"சரி."

"இந்தச் சண்டையில யாருக்குத்தான் உயிரு?"

"ஆட்டம் நடுவுல இருக்கு, சார். நான் வாய் திறக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சதும் கேளுங்க."

"அப்ப கேட்டு என்ன பிரயோஜனம்?"

டீச்சர் பலகை மேலிருந்த துணியை மடித்து எடுத்தார். சவரிராயனின் நாற்காலியைக் காட்டினார்.

"அங்க உட்கார்ந்து பாருங்க."

தணிகாசலம் போனார். நாற்காலி கோணலாகக் கிடந்தது. சர்வேயர் இல்லையா, கை தானாக அதை நேராக்கப் போயிற்று.

"நகர்த்தாதீங்க."

கோணலாகவே உட்கார்ந்தார். உடம்பு இடது பக்கமாகத் திரும்பியது, வலது கண் பலகைக்கு நேராக வந்தது. இதென்ன இவர் இப்படி உட்காருகிறார் என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே இடது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். பலகை முக்கால்வாசி நன்றாகத் தெரிந்தது. இடது ஓரம் மட்டும் மூக்குக்குப் பின்னால் போய் மறைந்தது.

சவரிராயன் நாற்பது வருஷம் இடது கண்ணில் லென்ஸ் இடுக்கிக்கொண்டு வேலை பார்த்தவர். அந்தக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்று எப்போதோ சொன்னார். இவ்வளவு என்று சொல்லவில்லை. தணிகாசலத்துக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பாவம், மனுஷன் வாயைத் திறந்து சொல்லலாமே என்று நினைத்தார்.

அதே நிமிஷம் இன்னொன்றும் தோன்றியது. இரண்டும் ஒரே மனசில்தான் வந்தன, நான் என்ன செய்ய என்று அவர் என்னிடம் சொன்னார்.

ஆட்டத்தின் கடைசியில் யாருக்கும் சேராத சில காலி இடங்கள் மிஞ்சும். அவற்றைச் சும்மா இடம் என்போம். அதில் கல் வைத்தாலும் ஒரு புள்ளி கூடாது, குறையாது. ஆளுக்கொரு கல்லாக வைத்து நிரப்புவோம், எண்ணுவதற்கு வசதியாக. அந்த நேரத்தில் யாரும் பலகையைக் கவனிப்பதில்லை. பஸ், மழை, மருமகள் வைத்த ரசம் என்று பேச்சு ஓடும். ஆனால் விதிப்படி, கடைசிச் சும்மா இடம் நிரம்பும்வரை ஆட்டம் முடியவில்லை.

வெள்ளைக்கு வெளியே இருக்கும் அந்த ஒரு மூச்சு, பார்வைக்கு ஒரு சும்மா இடம். தணிகாசலம் அதில் கல் வைத்தால், சவரிராயன் உடனே இடது ஓரத்தில் கருப்பின் மூச்சை அடைத்தாக வேண்டும். அடைத்தால் பழையபடி இரண்டும் நிற்கும். அடைக்காமல் வேறெங்காவது வைத்தால், அடுத்த கல்லோடு வெள்ளைக் கூட்டம் பதினொன்றும் போயிற்று.

இடது ஓரம்தான் அவருக்குத் தெரியாதே.

"டீச்சர், எதிராளி கூட்டம் கடைசி மூச்சுல நிக்கும்போது அவர்கிட்ட 'மூச்சு'ன்னு சொல்லணும். அதுதானே நம்ம வழக்கம்?"

"அதுதான்."

"ரெண்டு மூச்சு மிச்சம் இருந்தா சொல்ல வேண்டியதில்லையே?"

"வழக்கம் இல்ல."

"நான் சொல்லவேண்டிய கட்டம் வரும்போது, சொன்னாலும் அவரால ஒண்ணும் செய்ய முடியாது."

டீச்சர் அவரைப் பார்த்தார். எதைப் பற்றிக் கேட்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பலகை எதிரில்தானே இருக்கிறது.

"தப்பா, டீச்சர்?"

"விதியில தப்பு இல்ல."

"அப்ப வைக்கலாமா?"

டீச்சர் துணியை உதறிப் பலகையைப் போர்த்தினார். நான்கு மூலையும் சரியாக இழுத்துவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வர்க்கி சூடா இருக்கும். சீக்கிரம் வாங்க."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷம் வந்து போகிறேன், ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல இந்த அம்மாவுக்கு வாய் வராதா என்று படியிறங்கும்போது முணுமுணுத்தாராம். அதையும் அவரேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தூறல். நான் அவர்கள் பலகைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டேன். சவரிராயன் கோணல் நாற்காலியில் உட்கார்ந்தார். தணிகாசலம் நேரே உட்கார்ந்தார். ஒருமுறை சுவரைப் பார்த்தார், தன் சில்லு தொங்கிய ஆணியை. அதற்கு மேலே ஒரு காலி ஆணி இருந்தது.

எல்லைகளை அடைத்துக்கொண்டே போனார்கள். நடுச் சண்டையை இரண்டு பேரும் தொடவில்லை. பதினொன்றரைக்கு எல்லை எல்லாம் முடிந்தது. மிச்சம் சும்மா இடங்கள், ஆறோ ஏழோ. நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். வெள்ளை இரண்டு புள்ளி முன்னால் இருந்தது.

"அவ்வளவுதான் போல இருக்கே, சார்," என்றார் சவரிராயன்.

"அவ்வளவுதான்."

"நிரப்பிடலாமா?"

"நிரப்பலாம்."

டீச்சர் மூலையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். சவரிராயன் பேச ஆரம்பித்துவிட்டார். கேத்தியில் இந்த வருஷம் கேரட் அழுகுகிறது என்றார். ஒரு கல் வைத்தார். தணிகாசலம் ஒன்று வைத்தார். தம்பி மகளுக்குக் கோத்தகிரியில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றார் சவரிராயன். இன்னொன்று வைத்தார்.

தணிகாசலம் வெள்ளையின் வெளிமூச்சில் தன் கல்லை வைத்தார்.

சத்தம் வராமல் வைத்தார். எப்போதும் அவர் கல் வைத்தால் டக்கென்று கேட்கும். அதனால்தான் நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழ்வரிசையில் கடைசி ஆள், எனக்கு எப்படிப் புரியும்.

"மாப்பிள்ளைக்கு டீ ஃபேக்டரியில வேலையாம்," என்றார் சவரிராயன். கழுத்தைச் சாய்த்து, கோழி பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணால் பலகையைப் பார்த்தார். கல்லை எடுத்தார். கை இடது ஓரத்துப் பக்கம் போகவே இல்லை. வலது பக்கம் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சும்மா இடத்தில் வைத்தார்.

இப்போது தணிகாசலத்தின் முறை.

அவர் கிண்ணத்தில் கை விட்டு ஒரு கல்லை எடுத்தார். எடுத்தவர் வைக்கவில்லை. காதெல்லாம் சிவந்திருந்தது. உடம்புக்கு முடியவில்லையோ என்று நான் பயந்துவிட்டேன். அவர் கை பலகையின் நடுவுக்குப் போயிற்று, பொது மூச்சுக்கு மேலே வந்து நின்றது. கோயில் மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"என்ன சார், யோசனை? சும்மா இடம்தானே," என்றார் சவரிராயன்.

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். சவரிராயனின் முகத்தைப் பார்த்தாரா, அந்த நாற்காலியின் கோணலைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. கை நடுவிலிருந்து நகர்ந்தது. இடது ஓரத்துக்குப் போய், தன் கருப்புக் கூட்டத்துக்கு மிச்சமிருந்த ஒரே வெளிமூச்சில், தானே தன் கல்லை வைத்தார். டக்கென்று கேட்டது.

தன் மூச்சைத் தானே அடைத்துக்கொண்டார். இப்போது இரண்டு கூட்டத்துக்கும் வெளிமூச்சு இல்லை. நடுவில் பொது மூச்சு இரண்டு மட்டும். யார் தொட்டாலும் தொட்டவர் சாவார். யாரும் தொடவில்லை.

எனக்கு இது விளங்க அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. விளங்கியதும் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை, அவருக்கு ஃபோன் போட்டேன். அதற்குப் பிறகுதான் புதன்கிழமை விஷயத்தைச் சொன்னார்.

மிச்ச இடங்கள் நிரம்பின. எண்ணினார்கள். வெள்ளைக்கு இரண்டு புள்ளி.

"தோத்துட்டேன், சார்," என்றார் தணிகாசலம். ஆறு வருஷத்தில் ஐந்தாவது தடவை.

"நூலிழையில தப்பிச்சேன்," என்றார் சவரிராயன். "அந்த நடுச் சண்டைதான் ஒரு வாரமா என்னைத் தூங்க விடல."

டீச்சர் டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வைத்தார். சவரிராயன் டம்ளரைத் தேடிப் பிடித்தார். விரல் முதலில் மேஜையில் பட்டு, பிறகு டம்ளரில் பட்டது.

"உண்மையைச் சொல்லிடறேன், சார்," என்றார். "இந்தக் கண்ணுல இப்ப ஒண்ணும் சரியாத் தெரியறதில்ல. அந்த ஓரம் பூராவும் மசமசன்னு இருக்கு. வெளியாளுன்னா ஆடியே இருக்க மாட்டேன். நீங்கதானே எதிர்ல, அங்க ஏதாவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு தைரியமா உட்கார்ந்துட்டேன்."

தணிகாசலம் கையிலிருந்த வர்க்கியை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அது நொறுங்கி அவர் மடியில் உதிர்ந்தது. தட்டிவிடக்கூட இல்லை.

"சொல்லலையே, சார் நான்," என்றார் கடைசியில்.

"ஒண்ணும் இல்லாததனாலதானே சொல்லல," என்றார் சவரிராயன், டீயை ஊதிக்கொண்டே.

தணிகாசலம் மடியில் உதிர்ந்த தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எனக்கு அவர்மேல் அன்றுபோல் என்றும் பாசம் வந்ததில்லை. அந்த நேரத்தில் காரணம் தெரியாமலே வந்தது.

மணி அடித்தது. எல்லாரும் குடையைத் தேடி எழுந்தார்கள். சவரிராயனும் தணிகாசலமும் ஒரே பஸ்தான், ஆனால் சேர்ந்து போவதில்லை. தணிகாசலம் முதல் ஆளாக இறங்கி ஓடுவார், ஜன்னல் சீட்டுக்காக. அன்று அவர் எழவில்லை. சவரிராயன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் செருப்பைத் தேடுவதுபோலக் கதவோரம் நின்றேன்.

டீச்சர் கற்களைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்துக் கற்களை எல்லாம் எடுத்துவிட்டார். நடுவில் கட்டிப் பிடித்து நின்ற கருப்பையும் வெள்ளையையும் மட்டும் எடுக்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க, சார்."

"முதல் கல்லை நான் அவரைச் சாகடிக்கத்தான் வச்சேன்."

"பார்த்தேன்."

"இனிமே மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். மூணு ஆட்டம்."

"ஆமாம்."

தணிகாசலம் நடுவில் நின்ற கற்களைப் பார்த்தார்.

"புதன்கிழமை ஒண்ணு கேட்டேன். ஆட்டம் முடிஞ்சதும் கேளுங்கன்னீங்க."

"சொன்னேன்."

"முடிஞ்சுடுச்சு. இப்பச் சொல்லுங்க. அந்தச் சண்டையில யாருக்கு உயிரு?"

டீச்சர் கையிலிருந்த கல்லைக் கிண்ணத்தில் போட்டார். வாசல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் கீழே போய்விட்டார்கள். சவரிராயன் மட்டும் முதல் படியிலேயே நின்றார். குடையை விரிக்காமல் கையில் பிடித்திருந்தார். வலது கை சுவரில் இருந்தது. இடது பக்கம் ஒன்றுமில்லை.

"படி ஈரமா இருக்கு," என்றார் டீச்சர். "அவருக்கு இடது பக்கமா நின்னு இறங்குங்க."